ஒரு விரல் தள்ளி

பெரியக்கா அடுத்த படத்தைத் திறந்தாள். மழை பெய்யும் சாலை. குடை பிடித்த ஒருத்தி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் ஒருவன், ஒரு நாய். ஒவ்வொன்றையும் சுற்றி மவுஸால் ஒரு பெட்டி போட வேண்டும். ஆள் ஓட்டாமல் தானே ஓடப்போகும் கார்களுக்கு எது மனுசன், எது நாய் என்று இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்களாம்.

அவள் பெட்டியைச் சைக்கிள்காரன் மேல் போடவில்லை. இடப்புறமாக, ஒரு விரல் மேலே தள்ளிப் போட்டாள்.

பக்கத்துச் சீட்டு வாயாடி எட்டிப் பார்த்தாள். "ஏன்க்கா, அந்த ஆளு மேல என்ன கோவம்? ஒட்டாமலே நிக்கிறீங்க."

"முன்னபின்ன தெரியாத ஆம்பளை. தள்ளி நிக்கிறதுதான்டி மரியாதை."

புதுத் திரைகள் வந்ததிலிருந்து இந்தப் பாடு. படம் பளிங்கு மாதிரித் தெளிவு, எழுத்துதான் எறும்பு. கூடத்தில் இருந்த இளசுகளுக்கு அது ஒரு பொருட்டில்லை. பெரியக்காவுக்குக் கண்ணாடி மாற்றியும் கண் எட்டவில்லை. அதனால் தன் கணினியில் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் போட்ட பெட்டியெல்லாம், சேமித்ததும் வலப்புறமாகக் கீழே சரிந்து விழுந்தது. அது அவள் கண்ணில் படாது. சேமித்த கையோடு படம் போய்விடும். சரிபார்ப்பவர்கள் திருப்பி அனுப்பியபோதுதான் தெரிந்தது.

டீம் லீடரிடம் போய்ச் சொன்னாள். மகன் வயசுக்காரன்.

"சாஃப்ட்வேர்ல கோளாறுக்கா. எழுதிப் போட்டிருக்கேன். சரியாகிற வரைக்கும் கொஞ்சம் தள்ளிப் போட்டுச் சமாளிங்க."

"எழுத்தைச் சின்னதாக்கினா சரியா விழுதாம் தம்பி. எனக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

"கண்ணு தெரியலைன்னு வெளிய சொல்லிடாதீங்க. மேல தெரிஞ்சா சீட்டே போயிடும்."

வீட்டுக்காரருக்குக் கைகால் விழுந்ததிலிருந்து அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. வாயை மூடிக்கொண்டு தள்ளிப் போடப் பழகினாள். அதற்கப்புறம் எந்தப் படமும் திரும்பி வரவில்லை.

அன்று மத்தியானம் மேலாளர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். டீம் லீடர் ஏற்கெனவே சுவரோரம் நின்றிருந்தான். மேலாளர் தன் திரையைத் திருப்பிக் காட்டினார். படம் படமாக ஓடியது. பெட்டிகளுக்குள் வெறும் தார் ரோடு. ஆட்களெல்லாம் வெளியே நின்றார்கள்.

"என்னம்மா இது?"

"பெட்டி சரியுது சார். அதுக்காகத்தான்..."

"அதைப் போன வாரமே சரி பண்ணியாச்சே. மெயில் வந்ததே."

மெயில் டீம் லீடர்களுக்குத்தான் வரும். பெரியக்கா திரும்பினாள். "தம்பி, நீங்கதானே தள்ளிப் போடச் சொன்னீங்க?"

அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்தான். "கவனமாப் போடுங்கன்னுதான் சார் சொன்னேன்."

மேலாளர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நாளையிலேர்ந்து வர வேண்டாம்மா. போறதுக்கு முன்னாடி இதையெல்லாம் திருத்திக் குடுத்துடுங்க. குடுத்தாத்தான் இந்த மாசச் சம்பளம்."

சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். வாயாடி தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

முதல் படம் வந்தது. புத்தகப் பையோடு ஒரு சிறுமி சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். பெரியக்காவின் கை தானாகவே இடப்புறம் மேலே போய் நின்று பெட்டி போட்டது. அழித்தாள். மறுபடியும் கை அங்கேயே போயிற்று. அழித்துவிட்டு, இடக்கையால் வலக்கை மணிக்கட்டை இறுகப் பிடித்து இழுத்துவந்து, அந்தப் பிள்ளையின் மேல் வைத்தாள்.