சித்தப்பாகிட்ட சொல்லிப்போடறேன்

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா, இது நான் ஒட்டுக்கேட்ட கதை. கோவை ஆர்.எஸ்.புரத்தில் கண் டாக்டரைப் பார்க்கப் போன நான், டோக்கன் வரும்வரை பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மேசையில் ஒரு பெண். பேர் தெரியாது, நந்திதா என்று வைத்துக்கொள்வோம்.

ஆரம்பத்தை இப்படி எழுதினேன்: 'நந்திதா தைரியசாலி, எதற்கும் அவள்—'

இல்லை. வாசலில் யார் நுழைந்தாலும் துப்பட்டாவால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

2

வேலை போய் மூன்று மாதம். கிணத்துக்கடவில் இருக்கும் வீட்டுக்குத் தெரியாது. தினமும் எட்டு மணி பஸ்ஸில் வந்து, இங்கே உட்கார்ந்து, முன்பின் தெரியாத மேனேஜர்களுக்கு லிங்க்ட்இன்னில் எழுதுகிறாள். நாற்பத்தாறு பேரில் பதில் போட்டவர் ஒருவர்தான்: சுரேந்தர். விசாரித்ததில் தூரத்துச் சொந்தமாகிவிட்டார்.

வேலையில் இருக்கும்வரை கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். வேலை இல்லையென்று தெரிந்தால் ஆவணியில் முகூர்த்தம்.

(எனக்கு எப்படித் தெரியும்? பாதி அவள் தோழியிடம் போனில் சொன்னது. மீதி என் பயம் சேர்த்தது.)

3

சுரேந்தர் கூப்பிட்டார். குரல் என் மேசைவரைக்கும் கேட்டது.

"எங்க கம்பெனில ரெஃபர் பண்றதுக்கென்ன அம்மணி, பண்ணிப்போடறேன். சித்தப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடறேன்."

"அப்பாகிட்ட எதுக்குங்ண்ணா?"

"அட, ஊட்டுல கேக்காம புள்ளைய சேர்த்துவிட்டா, நாளைக்கு விசேசத்துல எம்மூஞ்சிய பாப்பாரா? தோப்புலதான இருப்பாரு?"

"அண்ணா, வேண்டாமுங்—"

"கூச்சப்படாத. மூணு மாசமா சும்மா இருக்கறயேன்னு எனக்கே மனசு கேக்கல."

வைத்துவிட்டார். கெட்டவராக இருந்தால் எழுதச் சுலபம். நல்ல மனுசன், அதுதான் பயம்.

4

முடிவு ஒன்று: அப்பா போனை வீட்டில் மறந்துவிட்டுத் தோப்புக்குப் போயிருந்தார். (சரி. சாயங்காலம் எடுத்துப் பார்க்க மாட்டாரா?)

முடிவு இரண்டு: அவள் முந்திக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டாள். லைன் பிஸி. மறுபடி கூப்பிட்டாள், பிஸி. மறுபடி—

கிளினிக்கில் என் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்து போய்விட்டேன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

5

இப்போது பாருங்கள், ஊர்ப்பேரைக்கூட மாற்றாமல் எழுதிவிட்டேன், அவள் வீட்டுக்கு எட்டிவிடும். சுரேந்தர் செய்ததைத்தான் நானும் செய்கிறேனோ?

ஏனுங்க, படிக்கிற நீங்கதான் அவ அப்பாவா? அப்படின்னா இனிமேல் முடிவை நீங்கதானுங்க எழுதணும். சாயங்காலம் பஸ் இறங்கி உள்ளே வருவா. நீங்க நிமிர்ந்து பார்க்கிற இடத்துல நான் பேனாவைக் கீழ வெச்சுப்போடறேன். அதுக்கு மேல எழுத எனக்குப் பயமா இருக்குதுங்க.