சப்னா நிறுத்திய செய்தி

எனக்குக் கோபம் றிபாஸ் மேலா, அந்தப் பாழாய்ப்போன பொத்தான் மேலா என்று இன்றுவரை பிடிபடவில்லை. இரண்டையும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

2007இல் வவுனியா நகரத்துக் கணினி நிலையம் ஒன்றில் சப்னாவும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் வேலை பார்த்தோம். இணையத்திலிருந்து வெளிநாட்டுக் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் பக்கமொன்றை அவள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருந்தாள். அனுப்பினால் பக்கம் அசையாது. செய்தியை அனுப்பச் சொல்லும் கோரிக்கை மட்டும் பின்னால் ஓடும், ஒரு சின்ன வட்டம் சுற்றும். எங்கள் இணைப்பு ஆமை வேகம் என்பதால் ‘நிறுத்து’ என்று ஒரு பொத்தானும் வைத்தாள். அதை அழுத்தினால் ஓடும் கோரிக்கை கைவிடப்பட்டு, ‘நிறுத்தப்பட்டது’ என்று திரையில் வரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

றிபாஸ் எங்களிடம் கணினி படித்துவிட்டுக் கட்டாருக்கு வேலைக்குப் போனவன். முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்த அவன் குடும்பம் புத்தளத்தில் இருந்தது. அவன் சப்னாவைக் கட்ட விரும்பினான். அவள் தன் வாயால் சம்மதம் சொன்னால்தான் வீட்டில் கதை எடுப்பேன் என்று சொல்லியிருந்தான். அவளுக்கும் அவன் என்றால் உயிர். ஆனால் கலியாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போக வேண்டாம் என்று ஒருநாள் எழுதிவிட்டான். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ‘எனக்கு இந்தக் கலியாணம் வேணாம்’ என்று தட்டி அனுப்பினாள்.

வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கைபேசியில் அவனுடைய செய்தி வந்தது. ‘நான் சொன்னது பிழை. நீங்க வேலைக்குப் போங்க. சம்மதமெண்டா சொல்லுங்க, லீவில உம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்ட வாறன். அதுவரைக்கும் நாங்க கதைக்காம இருப்பம், உங்கட பேர் கெடக்கூடாது.’

“அல்லாஹ்!” என்று பதறி ‘நிறுத்து’வை அழுத்தினாள். நிறுத்தப்பட்டது. உடனே ‘எனக்குச் சம்மதம்’ என்று அனுப்பினாள். அது போய்விட்டதாகத் திரை சொன்னது. அன்று எங்கள் எல்லோருக்கும் அவள் செலவில் தேத்தண்ணி.

அதன்பிறகு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான் என்று அவள் பூரித்துக்கொண்டிருந்தாள். உம்மா வரும்போது உடுக்க ஒரு பச்சைச் சேலைகூட வாங்கிவிட்டாள்.

லீவில் அவன் வந்தான். வீட்டுக்கு அல்ல, நிலையத்துக்கு, தனியாக.

“மனசில ஒண்டும் வைக்காதீங்க சப்னா,” என்றான். “எனக்குப் போன கிழமை நிக்காஹ் முடிஞ்சுது. உங்களோட கோவமில்லையெண்டு சொல்லத்தான் வந்தனான்.”

“நான் சம்மதமெண்டு அனுப்பினனான்,” என்றாள் அவள்.

அவன் கைபேசியை நீட்டினான். முதலில் ‘எனக்குச் சம்மதம்.’ அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது, ‘வேணாம்.’

“மத்தது நான் நிப்பாட்டினது!”

நிறுத்தியது உண்மைதான். தேத்தண்ணிக் கடையில் சொல்லிவிட்டு எழுந்து போனாலும் உள்ளே தேத்தண்ணி ஊற்றுவார்கள். பதிலுக்குக் காத்திருப்பதை மட்டுந்தான் அந்தப் பொத்தான் நிறுத்தும். செய்தி ஏற்கெனவே எங்கள் கணினியை விட்டுப் போய், எங்கோ தேங்கிக் கிடந்து, சம்மதத்துக்குப் பின்னால் மெல்லப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

“முதல்ல எனக்காகச் சொன்னீங்க, பிறகு மனசில உள்ளதைச் சொன்னீங்க எண்டு நினைச்சன்,” என்றான் றிபாஸ்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஒருக்காக் கேட்டிருக்கலாமே! உமக்கு வாயில்லையே?”

“பொம்புளப்புள்ள வேணாமெண்ட பிறகு ரெண்டாந்தரம் கேட்டா அது நெருக்கிற மாதிரி, கௌசலா.”

இந்த நல்ல குணத்தை என்ன செய்வது? கெட்டவனாக இருந்திருந்தால் கேட்டிருப்பான்.

சப்னா அந்த இரண்டு வரிகளையும் நெடுநேரம் பார்த்தாள். “நீங்க கட்டினவவிட்ட சம்மதம் கேட்டீங்களா?” என்றாள்.

“ஓம். நேரில கேட்டன். சந்தோசமாச் சொன்னா.”

“அப்ப போங்க. அவ வழி பாத்துக்கொண்டிருப்பா.”

அவன் படியிறங்கும்வரை நேராக நின்றாள். பிறகு என் தோளில் விழுந்து அழுத அழுகைக்கு, அருகில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.