சல்யூட் அடித்த குஞ்சு

1.

தீவனக் கிண்ணத்தில் தினை விளிம்புவரை இருக்கிறது. கிளிக்குஞ்சு அந்தக் கிண்ணத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு காலையிலிருந்து கத்துகிறது. ஏன்?

இந்தச் சின்ன விஷயம் எனக்குப் புரியவில்லை. புரியாததைக் கதையாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். சாரல் பார்க்கக் குற்றாலம் வந்தவன், லாட்ஜை விட்டு இறங்கச் சோம்பி, அதன் வரவேற்பு மேசைமேல் இருந்த குஞ்சைச் செல்போனில் படம்பிடித்து அதிலிருந்து ஒரு கதை கறக்கப் பார்த்தேன். இப்படிப் பிறக்கிற கதை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது முதல் வரைவு.

2.

முதல் தொடக்கம்: "அன்புக்கு மொழி தேவையில்லை என்பதை அந்தச் சின்னஞ்சிறு பறவை..."

அடித்துவிட்டேன். மொழி தேவையில்லை என்று ஆரம்பிக்கிறவன்தான் எட்டுப் பக்கத்துக்குக் குறையாமல் எழுதுவான்.

இரண்டாவது: "மேகம் தவழும் மலையடிவாரத்தில் ஒரு..."

இதையும் அடித்துவிட்டேன். மேகம் தவழ்ந்தால் குஞ்சுக்கு என்ன?

மூன்றாவது: "இசக்கிமணிக்குக் கிளி சல்யூட் அடித்தது."

இது இருக்கட்டும். பொய்தான். ஆனால் இசக்கிமணி அதை மனதார நம்பினார்.

3.

இசக்கிமணி சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது அந்த லாட்ஜின் முதலாளி. ஓய்வு பெற்ற மறுமாதமே தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு இளம் கான்ஸ்டபிள் அவரைத் தாண்டி நேரே நடந்து போனான். அடிக்க வேண்டிய சல்யூட்டை அடிக்கவில்லை. அது அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

தென்காசியில் ஜுஹைனா என்ற பெண் வீட்டிலேயே காக்கட்டீல் என்கிற கொண்டைக் கிளிகள் வளர்த்து விற்கிறாள். (நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்தால் வனத்துறை வந்துவிடும். இது வெளிநாட்டுக் கிளி.) இசக்கிமணி அவளிடம் இரண்டு மாதக் குஞ்சை வாங்கி வந்து கூண்டோடு வரவேற்பு மேசைமேல் வைத்தார். துரை என்று பெயர் வைத்தார். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் துரை உடம்பைத் தாழ்த்தி, இறக்கையை நடுக்கி, தலையைச் சடசடவென்று மேலும் கீழும் ஆட்டிக் கரகரவென்று கத்தியது.

"பாத்தீரா சார்?" என்றார் என்னிடம். "என்னையக் கண்டா மட்டுந்தான் இப்பிடிச் செய்யுது. வேற எவனுக்கும் செய்யாது. சர்வீஸ் முடிஞ்சாலும் மரியாதை எங்கன இருக்குன்னு அதுக்குத் தெரியுது."

(எனக்கும் செய்தது. தண்ணீர் கேன் போட வந்தவருக்கும் செய்தது. என் டீ கிளாசுக்கும் ஒரு முறை செய்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. முதல் வரைவிலும் எழுதவில்லை. அவருடைய பொய்க்கு நானும் உடந்தை.)

4.

கதையை நிறுத்திவிட்டு ஒன்றை விளக்கப் போகிறேன். எனக்கு இதுதான் பிடித்த இடம்.

தாய்க்கிளி தான் தின்றதைக் கக்கித்தான் குஞ்சுக்கு ஊட்டும். குஞ்சின் அலகை அது தன் அலகால் கவ்விக்கொள்ளும். குஞ்சு தலையை மேலும் கீழும் இடிக்க, தீனி உள்ளே இறங்கும். தண்ணீர் அடிக்கும் கைப்பம்பு மாதிரி. அந்தத் தலையாட்டல் தீனி வாங்கும் வேலை. அலகின் ஓரத்தில் விரல் பட்டாலே போதும், பம்பு ஓட ஆரம்பிக்கும். அங்கே வணக்கமும் கிடையாது, சல்யூட்டும் கிடையாது. "பசி, ஊட்டு" என்பது மட்டும்தான் உண்டு.

தானாகத் தின்னப் பழகிய குஞ்சுகூட, வீடு மாறினால் பயத்தில் பழையபடி ஊட்டக் கேட்கும். அதற்காகத்தான் ஜுஹைனா ஒரு டப்பா குஞ்சு மாவு கொடுத்து, "காலையும் சாயங்காலமும் வெதுவெதுப்பா கரைச்சு ஸ்பூன்ல குடுங்க அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

இசக்கிமணி மூன்றே நாளில் அதை நிறுத்தினார். "ஸ்பூன்ல ஊட்டுனா சோம்பேறி ஆயிரும். டிரெயினிங்ல எங்களுக்கு எவன் ஊட்டுனான்?"

கிண்ணம் நிறையத் தினை கொட்டினார். அது நிறைந்தபடியே இருப்பதைப் பார்த்துத் தினமும் திருப்திப்பட்டார். முப்பது வருஷம் திருடனைத் தேடிய மனிதர் அவர். தின்றிருந்தால் கிண்ணம் குறைந்திருக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

(எனக்கும்தான் தோன்றவில்லை. நான் மலையை வருணித்துக்கொண்டிருந்தேன்.)

5.

சொரிமுத்து என்கிற பாத்திரத்தை வைத்துக்கொள்வதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அருவிக்குப் போகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் அவர். லாட்ஜ் வாசலில்தான் வாடிக்கையாளருக்காகக் காத்திருப்பார். கதைக்கு வசதியாக வந்து நிற்கிற ஆளை நான் நம்புவதில்லை. ஆனால் உடம்பைத் தொட்டு அறிகிற ஒரே மனிதர் அங்கே அவர்தான். அவரைத்தான் இசக்கிமணி குஞ்சிடம் அண்டவிடவில்லை. "எண்ணெக் கையோட தொடாதலே, இறகு ஒட்டிரும்." அது மட்டும் அவர் சரியாகச் சொன்னது.

அன்று மழையில் வாடிக்கை இல்லை. சொரிமுத்து சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டு வந்து கூண்டைத் திறந்தார். குஞ்சின் நெஞ்சில் ஒரு விரலை வைத்தார்.

"அண்ணாச்சி, எலும்பு கத்தி மாதிரி நிக்கி. ரெண்டு பக்கமும் சதையே இல்ல."

"ஒல்லி ஜாதிலே அது."

"ஜாதி இல்ல. பட்டினி. சல்யூட்டு சல்யூட்டுங்கீரே, அது சோத்துக்குக் கும்பிடுது."

இசக்கிமணிக்குக் கோபம் வந்தது. சண்டை பிடிக்கவே ஜுஹைனாவுக்குப் போன் போட்டார். "ஏம்மா, நோஞ்சான் பறவையத் தலையில கட்டிட்டியா?"

"எடை போட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி."

லாட்ஜ் மெஸ்ஸில் மசாலா நிறுக்கும் தராசைக் கொண்டுவந்தார்கள். அறுபத்தாறு கிராம்.

"நான் தரும்போது எம்பத்தெட்டு," என்றாள் ஜுஹைனா. "மாவு குடுக்கீங்கள்ல?"

இசக்கிமணி போனைச் சொரிமுத்து கையில் கொடுத்துவிட்டுச் சாரலைப் பார்த்தார்.

6.

சொரிமுத்து மாவைக் கரைத்து மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். "தலைக்கு வைக்கிற எண்ணெச் சூடு." போனில் ஜுஹைனா விடவில்லை. "தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க. முப்பத்தொம்பது, நாப்பது. அதுக்கு மேல போனா தொண்டப்பை வெந்துரும்." வைத்துப் பார்த்தார்கள். நாற்பது.

குஞ்சு ஸ்பூனைக் கவ்வி இடித்து இடித்துத் தின்றது. தொண்டைக்குக் கீழே பை உருண்டையாகத் திரண்டது. கத்தல் நின்றது. மாவை நிறுத்திய பிறகு முதல் முறையாக அந்த மேசை அமைதியானது. துரை நடந்து போய் இசக்கிமணி கையருகே நின்றது. கழுத்து இறகைச் சிலிர்த்துத் தலையைக் குனிந்து அப்படியே இருந்தது. சொறிந்துவிடச் சொல்கிறது. கிளி பாசம் காட்டுவது இப்படித்தான், சத்தமில்லாமல்.

இசக்கிமணி காத்திருந்தார். தலை ஆடவில்லை.

"என்னலே, சல்யூட் அடிக்க மாட்டேங்கு?"

"வயிறு நெறஞ்சிட்டு அண்ணாச்சி."

"நாளையிலேர்ந்து ஒரு வேளையாக் குறை. ரொம்பக் குடுத்தா மரியாதை தெரியாமப் போயிரும்."

7.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: குஞ்சு செத்துப்போகிறது, அவர் அழுகிறார். (மலிவு. வாசகர் அழுதுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.)

இரண்டு: அவர் திருந்தி, கண்கலங்கிக் குஞ்சின் கழுத்தைச் சொறிந்துவிட... (இசக்கிமணியை நான் பார்த்திருக்கிறேன்.)

மூன்றாவதை எழுத மாட்டேன். மாவு ஊட்டிய ஸ்பூன் லாட்ஜ் ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நாளைக் காலை அவருக்கு சல்யூட்டும் வேண்டும், குஞ்சும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. அவர் எதை எடுப்பார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று உங்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

நான் தருவது குஞ்சு பிழைக்கிற வழி மட்டும். தினமும் காலையில் முதல் தீனிக்கு முன்னால் குஞ்சை எடை போடுங்கள். எடை குறைந்தால், கிண்ணம் நிறைந்திருந்தாலும் அது பட்டினி. மாவை நாற்பது டிகிரிக்கு மேல் போகாமல் கரைத்து, தலையாட்டல் நிற்கும்வரை ஊட்டுங்கள். எடை ஏறி நிலைத்து, தானாகத் தின்கிறவரை நிறுத்தாதீர்கள். வயிறு நிறைந்த பிறகும் உங்கள் பக்கத்தில் வந்து தலை குனிந்து நின்றால், அதுதான் பாசம். கழுத்தைச் சொறிந்துவிடுங்கள்.