முதல் மூன்றில் இல்லாத குதிரை

ஜோசியருக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ஜாதகம் பார்க்கிற ஜோசியர் இல்லை இவர். நாளைய பந்தயத்தில் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று பத்திரிகையில் எழுதுகிறவர். ரேஸ் கோர்ஸில் யாரோ கேலியாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் சொன்ன குதிரை ஜெயித்தால் அந்தப் பெயரை மரியாதையாகச் சொல்வார்கள். தோற்றால் அதே பெயரை எப்படிச் சொல்வார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நோகாத வேலைதான். விடியற்காலையில் மைதானத்துக் கம்பியருகே போய் நின்று, குதிரைகள் பயிற்சி ஓட்டம் ஓடுவதைப் பார்க்க வேண்டும். எந்தக் குதிரைக்குச் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, எது காதை மடக்கிக்கொண்டு அடம் பிடிக்கிறது, எது சாட்டை படாமலே காலை நீட்டிப் போடுகிறது என்று கவனிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ரேஸுக்கும் முதல், இரண்டு, மூன்று என்று மூன்று குதிரைகளை எழுதி, பந்தயத்துக்கு முதல் நாள் மாலைக்குள் பத்திரிகைக்கு அனுப்பிவிட வேண்டும். மற்ற ரேஸ்களுக்கெல்லாம் எழுதி முடித்துவிட்டார். ஐந்தாவது ரேஸ் மட்டும் முள்ளாகத் தொண்டையில் நின்றது.

ஐந்தாவது ரேஸில் அவருடைய மகள் ஓட்டுகிறாள்.

அவள் பயிற்சி ஜாக்கி. பயிற்சி ஜாக்கிக்கு நல்ல குதிரையை யார் கொடுப்பார்கள்? மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளிவிட்டதெல்லாம் அவள் தலையில் விழும். கடைசியிலோ கடைசிக்கு முன்னாலோ வந்து, முகமெல்லாம் புழுதியோடு சேணத்தைத் தூக்கிக்கொண்டு திரும்புவாள். இந்த முறை வந்தது நெற்றியில் வெள்ளைச் சுழி உள்ள ஒரு பெட்டைக் குதிரை. லாயத்தில் எல்லோரும் அதைப் பொட்டு என்று கூப்பிடுவார்கள். அதுவும் உதவாக்கரை என்று பெயர் எடுத்ததுதான்.

ஆனால் முந்தின நாள் விடியற்காலையில் ஜோசியர் ஒன்றைப் பார்த்துவிட்டார். அந்த லாயத்தின் பெரிய குதிரையோடு பொட்டு ஜோடியாக ஓடியது. மகள் முதுகை வளைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கை இம்மிகூட நகரவில்லை. திருப்பம் தாண்டியதும் பொட்டு, கடைக்குப் போகிற ஆள் தெருவில் நிற்பவரைக் கடந்து போவதுபோல, அந்தப் பெரிய குதிரையைக் கடந்து போய்விட்டது. பயிற்சியாளர் அந்த நேரம் பார்த்து முதுகைக் காட்டிக்கொண்டு போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். வேறு யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. ஜோசியருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது ஜெயிக்கும் என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது.

ஜெயிக்கும் என்றால் ஜெயிக்கும் என்று எழுதிவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்கலாம். சிக்கலே அங்கேதான். பொட்டின் உரிமையாளர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். குதிரையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது நாலு கால், ஒரு வால், அவ்வளவுதான். ஆனால் ஜோசியரின் பக்கத்தை வரி விடாமல் படிப்பார். போன சீசனில் அவருடைய இன்னொரு குதிரையை ஜோசியர் புகழ்ந்து எழுதப்போக, மறுநாள் காலையே பயிற்சி ஜாக்கியை இறக்கிவிட்டு ஒரு பெரிய ஜாக்கியை ஏற்றிவிட்டார். "ஜெயிக்கிற குதிரைக்குச் சின்னப் பசங்க எதுக்கு?" என்று கேட்டாராம். பந்தயத்தன்று காலைவரை உரிமையாளர் சொன்னால் ஜாக்கியை மாற்றலாம் என்பது அங்கே விதி.

ஆக, உள்ளதை எழுதினால் மகள் இறங்க வேண்டும். எழுதாவிட்டால் பொய். இத்தனை வருஷத்தில் ஜோசியர் எத்தனையோ தரம் தப்பாக எழுதியிருக்கிறார், ஒரு தரமும் பொய்யாக எழுதியதில்லை. பத்திரிகை அலுவலகத்து லிஃப்ட்காரர் உட்பட எத்தனை பேர் அவரை நம்பிக் காசு கட்டுகிறார்கள். 

எழுந்தார், உட்கார்ந்தார். ஜன்னலைத் திறந்தார், வெயில் வருகிறது என்று மூடினார், புழுக்கம் என்று மறுபடி திறந்தார். தாகமே இல்லாமல் தண்ணீர் குடித்தார். கூடத்தில் மகளுடைய வெள்ளைக் கால்சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திச் சுத்தி வர்றீங்க? உட்காருங்களேன் ஒரு இடத்துல."

"அஞ்சாவது ரேஸ் அமையல."

"ஓ, அதுவா. அவ குதிரை எப்படி?"

ஜோசியர் மறுபடி ஜன்னலை மூடப் போனார். மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நல்ல குதிரையா?"

"நல்லாயிருக்கிறதுதான் வினையே."

விஷயத்தை ஒருவழியாகச் சொல்லி முடித்தார். மனைவி கால்சட்டையை மடித்துக்கொண்டே கேட்டாள். "இதுல இவ்வளவு யோசனை எதுக்கு? சாயங்காலம் அவ வருவா. அவகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

"அதெப்படி கேட்கிறது? வீட்டுல குதிரைப் பேச்சு கிடையாதுன்னு இருக்கில்ல."

இருந்தது. மகள் லாயத்தில் சேர்ந்த புதிதில், அவள் உள்விஷயத்தைச் சொல்லித்தான் அப்பா எழுதுகிறார் என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அப்பாவுக்கும் மகளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. செருப்பை விடுகிற இடத்திலேயே குதிரையையும் விட்டுவிட்டு வருவது என்று அன்றைக்கு இருவரும் முடிவு செய்தார்கள். அதிலிருந்து சாப்பிடும்போது குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசுவார்கள், பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றிப் பேசுவார்கள், குதிரையைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள்.

"நல்லாத்தான் இருக்கு உங்க சட்டம்," என்றாள் மனைவி. "ஊருக்கெல்லாம் சொல்வீங்க, பெத்த பொண்ணுகிட்ட மட்டும் சொல்ல மாட்டீங்க."

பத்திரிகையில் பக்கம் கட்டுகிறவர் போன் செய்தார். "சார், உங்க பக்கம் மட்டும்தான் பாக்கி. அஞ்சாவது ரேஸ்ல பேருக்கு ஏதாவது மூணைப் போட்டு அனுப்புங்க, நான் வீட்டுக்குப் போகணும்."

பொட்டை மூன்றாவதாகப் போட்டுப் பூசி மெழுகிவிடலாமா என்று பார்த்தார். மூன்றாவதாகப் போட்டாலும் டைல்ஸ் கடைக்காரருக்கு மூக்கு வியர்த்துவிடும். வம்பே வேண்டாம். முதல் மூன்றில் பொட்டுக்கு இடம் கொடுக்காமல், "மற்றவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை" என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகாவது நிம்மதி வரும் என்று நினைத்தார். வரவில்லை.

மகள் சாயங்காலம் வந்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே குளித்தாள், சாப்பிட்டாள். எப்போதும் அளந்து சாப்பிடுகிறவள் அன்று இன்னும் குறைவாகத்தான் சாப்பிட்டாள், ஆனால் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"நாளைக்கு வர்றீங்கதானேப்பா?"

"வராம?"

சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கிவிட்டார்.

மறுநாள் மதியம் ரேஸ் கோர்ஸுக்குள் நுழைந்தவர் நேராக அறிவிப்புப் பலகைக்குப் போனார். ஐந்தாவது ரேஸ், ஏழாம் நம்பர், பொட்டு. ஜாக்கி மாற்றம் என்று போட்டிருந்தது. மகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய ஜாக்கி இருந்தார். ஜோசியர் பலகையை ஒட்டிப் போய் நின்றார். தவறான வரியைப் பார்க்கிறோமோ என்று விரல் வைத்துப் படித்தார்.

பயிற்சியாளரைத் தேடிப் பிடித்தபோது அவர் கையை விரித்தார். "நான் என்ன சார் பண்றது? ஓனர் காலையில பேப்பரோட வந்து நிக்கிறாரு. 'பெத்த அப்பனே மூணுல ஒரு இடம் தரல, ஒண்ணும் சொல்றதுக்கில்லன்னு வேற எழுதியிருக்காரு. பொண்ணால முடியாதுன்னு வீட்டுல தெரிஞ்சுதானே எழுதியிருப்பாரு'ன்னாரு. நீங்க சும்மா மூணாவதாவது போட்டிருக்கக் கூடாதா? நேத்துவரைக்கும் அவர் அந்தக் குதிரையை நினைக்கக்கூட இல்ல."

ஜோசியர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். வேறு எவன் அந்தக் குதிரையை விட்டுவிட்டு எழுதியிருந்தாலும் அது வெறும் கருத்து. அப்பன் விட்டால் அது சேதி. ஊரிலுள்ள குதிரைகளுக்கெல்லாம் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு இந்தக் கணக்கு மட்டும் தோன்றாமல் போயிற்று. தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

பொட்டு ஜெயித்தது. பெரிய ஜாக்கி பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. திருப்பம் தாண்டியதும் அது தானாகவே காலை நீட்டியது, மற்றவையெல்லாம் பின்தங்கின. கூட்டத்தில் கிழிந்த டிக்கெட்டுகள் பறந்தன. "என்ன ஜோசியரே, சொந்த வீட்டு விஷயத்தையே கோட்டை விட்டுட்டீரே," என்று ஒருவன் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அவர் காதில் அது சரியாக விழவில்லை. மகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் ஜாக்கிகளை எடை பார்க்கும் அறைக்குப் பின்னால், சாதாரணச் சட்டையோடு, சேணத்தை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுத முகமாக இல்லை. அதுவே அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"கண்ணு, அந்த டைல்ஸ்காரன் புத்தி..."

"அவர் மேல தப்பில்லப்பா. என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு. 'உங்க அப்பா இப்படி எழுதியிருக்காரே, நீ என்ன சொல்றே, ஓட்டறியா'ன்னு. நான் ஜெயிச்சுத் தர்றேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாரு."

"நீ என்ன சொன்னே?"

"பெரிய ஜாக்கிக்கே கொடுத்துடுங்கன்னுட்டேன்."

ஜோசியர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். 

"முந்தாநாள் நான் கையைக்கூட அசைக்கல, அதுவாவே போச்சு," என்றாள் மகள், துடைப்பதை நிறுத்தாமல். "கண்டிப்பா ஜெயிக்கும்னு நினைச்சேன். நேத்தெல்லாம் அதே நினைப்பு. ஆனா நீங்களும்தானே கம்பிகிட்ட நின்னு பார்த்தீங்க. உங்க கண்ணு பார்த்தும் நீங்க எழுதலன்னா, எனக்குத்தான் இன்னும் குதிரை தெரியலன்னு தோணுச்சு."

 தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி இருந்தது. கண் தப்பிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நம்பிவிடுவாள், மன்னித்தும்விடுவாள். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"எனக்குத் தெரியும் கண்ணு. ஜெயிக்கும்னு தெரியும். எழுதினா உன்னை இறக்கிடுவான்னுதான் எழுதல."

அவள் கை நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபம் வரும் என்று அவர் காத்திருந்தார், வந்திருந்தால் எவ்வளவோ தேவலை.

"அப்ப எனக்குக் குதிரை தெரிஞ்சிருக்கு," என்றாள் மெதுவாக. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, சேணத்தின் வாரை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.