நெஞ்சுக்குக் குடிபோன பள்ளம்

நானூறு வருடம் மண்ணுக்குள் கிடந்த இரும்பு மார்புக் கவசத்தின் பள்ளத்தைத் தொல்லியல் ஆய்வுக்கூடத்தில் அவள் தட்டி நிமிர்த்திய காலையில், அந்தப் பள்ளம் அவள் கணவரின் நெஞ்சுக்குக் குடிபோனது. எலுமிச்சம்பழ அளவு, இடது பக்கம், கவசத்தில் இருந்த அதே இடம். குளித்துக்கொண்டிருந்தவருக்கு வலியில்லை, சோப்புத் தண்ணீர் அதில் தேங்கி நின்றதைப் பார்த்துத்தான் அதைக் கவனித்தார். போனில் கேட்டு ஓடிவந்தவள் பள்ளத்தை விரலால் அளந்து பார்த்தாள். நெளிவை நிமிர்த்தக் கூடாது என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. போரில் பட்ட அடி அசிங்கமாகத் தெரிகிறது, கண்காட்சிக்கு ஆகாது என்று அருங்காட்சியக இயக்குநர் நச்சரித்ததால், துருவைக்கூட முழுதாக எடுக்காமல் சுத்தியலை எடுத்துவிட்டாள்.

டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். விலா எலும்பு தகடு போல உள்ளே வளைந்து இதயத்தை உரசிக்கொண்டிருந்தது. "எவ்வளவு நாள் தாங்கும்னு சொல்ல முடியாதும்மா" என்றார். பள்ளத்தைக் கவசத்துக்கே திரும்ப வரவழைக்க, அதை மறுபடி அடித்துப் பார்த்தாள். சுத்தியலின் காம்பு முறிந்ததே தவிர இரும்பு மசியவில்லை. கணவரோ வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தார். சட்டைப்பை பள்ளத்தில் கச்சிதமாக உட்காருகிறது, குனிந்தாலும் பேனா விழுவதில்லை என்றார். அதற்கும் அவள் அழுதாள்.

மழை போய் வெயில் வந்தது. மிச்சத் துருவைச் சுரண்டியபோது, பள்ளம் இருந்த இடத்தின் ஓரத்தில் நகத்தளவில் ஒரு முத்திரை தெரிந்தது: வட்டத்துக்குள் ஒரு சாவி. அந்தக் காலத்துக் கொல்லர்கள் கவசத்தை விற்குமுன் தாங்களே துப்பாக்கியால் சுட்டுப் பார்ப்பார்கள். குண்டு துளைக்காவிட்டால் பள்ளத்துக்குப் பக்கத்தில் முத்திரை குத்துவார்கள். அது போர்க்காயமே இல்லை, உத்தரவாதம். போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினாள்.

"சட்டையக் கழட்டுங்க."

"சாப்பிட்டுட்டு இருக்கேன்ல, என்ன அவசரம்?"

அவளே பொத்தான்களை அவிழ்த்தாள். பள்ளத்தின் ஓரத்தில், மச்சம் என்று இருவரும் நினைத்திருந்த இடத்தில், வட்டத்துக்குள் ஒரு சாவி.

"ஏற்கெனவே சுட்டுப் பாத்துட்டாங்க" என்று விரலை அதன்மேல் வைத்தாள். "நீங்க தாங்குவீங்க."

தாங்கினார். நெஞ்சுவலி டாக்டருக்குத்தான் வந்தது. கண்காட்சியில் இன்று கவசம் வழவழவென்று நிற்கிறது, யாரும் அதிகம் பார்ப்பதில்லை. வீட்டில், கணவர் குளித்துவிட்டு வந்ததும் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரை அவள் துண்டு நுனியால் ஒற்றி எடுக்கிறாள். துருப்பிடித்துவிடக் கூடாதாம்.