வரிசையில் வந்து நின்ற மகன்

ஊரில் சும்மா திரியும் இளைஞர்களை ஜும்ஆ முடிந்ததும் ஜமாஅத்தின் முன் நிறுத்தி விசாரிப்பது என்று முடிவெடுத்தவர் பள்ளிவாசல் தலைவரும் மிளகுக் கடை முதலாளியுமான மீராசாஹிப் ஹாஜியார். படிப்பும் இல்லை, தொழிலும் இல்லை, பாலத்துச் சுவரே கதி என்றால் ஊரின் மானம் என்னாவது? வெட்கம் வந்தால் புத்தி வரும் என்று அவர் நம்பினார்.

அவருடைய மகன் ஸுஹைல் பாலத்துக்குப் போகிறவன் அல்ல. உயர்தரப் பரீட்சையில் தவறிய பிறகு வீட்டைவிட்டு வெளியே வருவதே அபூர்வம். "கொழும்புல கோர்ஸுக்கு ரெடியாகிறான்" என்று ஹாஜியார் ஊருக்குச் சொல்லிவைத்திருந்தார். மகள் ஜஸ்லாவைத் தன் மகனுக்குக் கேட்டிருந்த அன்ஸாருக்கும் அதே பதில்தான்.

அந்த வெள்ளிக்கிழமை பாலத்துப் பிள்ளைகளின் வரிசையில் பவாஸ் முதலில் நின்றான்.

"என்ன செய்ற நீ?"

"வேல தேடுற, ஹாஜியார்."

"பாலத்துலயா தேடுற?"

"அங்கதான் சிக்னல் ஈக்கிற."

சபை சிரித்தது. அந்தச் சிரிப்புக்கிடையே பின்வரிசையிலிருந்து ஸுஹைல் எழுந்து வந்து பவாஸின் பக்கத்தில் நின்றான். சிரிப்பு அடங்கிவிட்டது.

ஹாஜியார் ஒலிவாங்கியை விலக்கி, "போய் உக்காரு" என்றார்.

"என்னயும் கேளுங்க, வாப்பா."

ஊருக்கொரு நீதி, தன் வீட்டுக்கொரு நீதி என்று அவர் குடும்பத்தில் யாரும் நடந்ததில்லை. கேட்டார்.

"என்ன செய்ற?"

"ஊட்டுல சும்மா ஈக்கிற."

"ஏன்?"

ஸுஹைல் குரலை உயர்த்தவில்லை. "நம்மட கடைக்கு வாரேன்னு கேட்டேன்தானே. மொளகு சாக்குத் தூக்குற குடும்பமா நாங்கன்னு கேட்டீங்க. வேற கடையில நின்னா தாத்தாட சம்பந்தம் கெட்டுரும்னு சொன்னீங்க."

தாத்தா என்று அவன் சொன்னது அக்கா ஜஸ்லாவை. முன்வரிசையில் அன்ஸார் தலையைக் குனிந்துகொண்டார்.

பொய் சொல்கிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜமாஅத் ஹாஜியாரைத்தான் நம்பும். ஆனால் நிற்பது அல்லாஹ்வின் வீட்டில்.

"நான் சொன்னதுதான்" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

அன்ஸார் எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனார். ஹாஜியார் நிமிர்ந்தபடியே நின்றார். வரிசையில் மிச்சமிருந்த பிள்ளைகளை உட்காரச் சொன்னார். பிறகு முன்வரிசை வியாபாரிகளின் பக்கம் திரும்பினார்.

"இந்தப் புள்ளைகள்ல ஒருத்தனயாவது வேலைக்கு எடுத்தவங்க யாரு? கையத் தூக்குங்க."

ஒரு கையும் உயரவில்லை. அவருடைய கையும்.