பதினேழாம் நம்பர் வீட்டு வெளிச்சம்

அருணகிரி முதலாளி புடவையைக் கடைக்கு உள்ளே பார்க்கவில்லை. வாசலுக்கு எடுத்துவந்து, படியில் நின்று, வெயிலில் ஒரு உதறு உதறி விரித்தார். முதல் பார்வையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது பார்வையில் தெரிந்துவிட்டது. முந்தானையிலிருந்து பாதிப் புடவை வரைக்கும் ஒரு அரக்குச் சிவப்பு. அதற்கப்புறம் கடைசி வரைக்கும் வேறொரு அரக்குச் சிவப்பு. நடுவில் கோடு கிழித்தாற்போல் இரண்டும் சேருமிடம், கட்டிக்கொண்டால் இடுப்பிலிருந்து கால் வரைக்கும் நேராக இறங்கும்.

“இன்னாம்மா இது? ரெண்டு பொடவைய வெட்டி ஒட்னா மாதிரி கீது?”

புடவையை வாங்கி நானே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெய்வநாயகி நெய்த புடவையில் இப்படி என்றால் எங்கள் கொசப்பாளையத்தில் யாரும் நம்பமாட்டார்கள். அது வந்தவாசிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை. கல்யாணத்துக்குப் பதினொரு நாள்தான் இருந்தது.

“இருவத்திரண்டு வருசமா தறியில ஒக்காந்துகினு கீற. ஒனக்குப் போயி நூலு பாக்கச் சொல்லித் தரணுமா?” என்றார். கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார், அதுதான் சுட்டது. நூல் பார்க்காமல் நெய்திருந்தால் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். நான் பார்த்துத்தான் நெய்தேன். அந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை.

நூல் பார்ப்பது என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. சாயக்காரர் ஒரே புடவைக்கான பட்டு நூலை ஒரே தடவையில் தோய்த்துத் தருவார் என்று நிச்சயம் கிடையாது. பாதிக்கு மேல் அடுத்த கட்டு வரும். பேர் அதே அரக்குத்தான், ஆனால் ஒரு சொட்டு கூடக் குறைய இருக்கும். அதனால் புதுக்கட்டைத் தொடும்போது அதில் ஒரு இழை, பழையதில் ஒரு இழை எடுத்து, இரண்டையும் விரலில் சேர்த்துச் சுற்றி, தறிக்கு மேலே இருக்கும் கண்ணாடி ஓட்டுக்கு நேராகக் கையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். எங்கள் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு. கூரை வேய்ந்தபோதே, நான் காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழிக்கு நேர் மேலே வைத்தது. காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும் அந்த இரண்டு ஓட்டு வெளிச்சத்தில்தான் நான் உட்கார்ந்திருப்பேன். பகலில் பல்பு போட்டால் வீட்டுக்கு ஆகாது என்று என் மாமியார் சொல்வார். ஆகுமோ ஆகாதோ, தேவைப்பட்டதில்லை.

ஆடி மாசம் சோலார் வந்தது. சூரிய மின்சாரம், மின்சாரச் சிக்கனம், இதைப் பற்றி ஆராய்ச்சியாம். ஊரில் முப்பத்தெட்டு வீடு, ஒரு நூலகம், ஒரு நகராட்சிப் பள்ளிக்கூடம் என்று பொறுக்கி எடுத்தார்கள். எங்கள் வீடு பதினேழாம் நம்பர். ஓசியில் பேனல், ஓசியில் பேட்டரி, ஓசியில் பல்பு, ஃபேன். வாரத்துக்கு ஒரு தடவை ஜாக்குலின் என்ற பெண் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வந்து கேள்வி கேட்பாள். இதே ஊர்ப் பெண்தான், காலேஜ் முடித்து முதல் வேலை. பொய் சொல்லக் கூடாது, கரண்ட் போனாலும் ஃபேன் ஓடியது. சித்திரை வெயிலுக்கு இது இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன்.

ஆனால் பேனலை மாட்ட வந்த அன்றைக்கு நான் வீட்டில் இல்லை. தெருக்கோடியில் பாவு நீட்டிக்கொண்டிருந்தோம். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்தான் பாவு. அதை விடிகாலையில் தெருவில் இழுத்துக் கட்டிச் சிக்கெடுக்க நாலு பேர் கை வேண்டும். ஒருத்தி கையை விட்டால் மொத்தமும் போச்சு. வீட்டில் என் வீட்டுக்காரர் சம்பந்தம் இருந்தார். செய்யாறு கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவர். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார். “சார், தெக்கால பாத்து வெக்கணும்” என்று அவர்கள் எழுப்பிக் கேட்க, இவர், “வெச்சிக்கோங்க, வெச்சிக்கோங்க” என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

எங்கள் ஓட்டுக் கூரையில் தெற்குப் பக்கம் என்றால் அந்த இரண்டு கண்ணாடி ஓடுதான்.

நான் பத்து மணிக்கு வந்து உள்ளே காலை வைத்தால் இருட்டு. வேலை முடித்த ஆள் சிரித்துக்கொண்டே சுவிட்சைத் தட்டினான். தறிக்கு மேலே, ஓடு இருந்த அதே இடத்துக்குக் கீழே, பால் மாதிரி வெள்ளையாக ஒரு எல்ஈடி பல்பு எரிந்தது.

“பாத்தீங்களாம்மா, இனிமே பகல் பூரா வெளிச்சம்!”

அடப்பாவி, அது நேற்று வரைக்கும் இருந்ததுதானே! நேராக இறங்கிக்கொண்டிருந்த வெயிலைக் கூரை மேலேயே மடக்கிப் பிடித்து, ஒயரில் ஊர் சுற்றவிட்டு, பேட்டரியில் ஊறப்போட்டு, அதே இடத்தில் பல்பாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கின கதை இதுதான்.

அன்றைக்கே சொன்னேன். பின்கட்டில் சமையலறைக்கு மேலே தகரக் கூரை சும்மா கிடக்கிறது, அதுவும் தெற்குப் பார்த்ததுதான், ஆறடி தள்ளி அங்கே மாட்டுங்கள் என்றேன். அவன் கேட்டுச் சொல்கிறேன் என்றான். ஜாக்குலினிடம் ஒவ்வொரு வாரமும் சொன்னேன். அவளும் பாவம், ஒவ்வொரு வாரமும் எழுதிக்கொண்டு போனாள்.

அப்புறம் மனுஷ ஜென்மம் எதற்குத்தான் பழகாது? பல்புக்கும் பழகிவிட்டேன். ஐப்பசியில் இந்தப் புடவை பாதியில் இருக்கும்போது புதுக்கட்டு வந்தது. இழையை விரலில் சுற்றினேன். கை தானாக மேலே போனது, எப்போதும் போகிற இடத்துக்கே. வெளிச்சமும் எப்போதும் வருகிற இடத்திலிருந்தே வந்தது. இரண்டு இழையும் ஒன்றாகத் தெரிந்தன. திருப்தியாகக் கீழே இறக்கி நெய்தேன். வாசலுக்குப் போய் ஒரு தடவை வெயிலில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இருபத்திரண்டு வருஷமாக வாசலுக்குப் போய்ப் பார்க்கத் தேவையே இருந்ததில்லையே!

இதையெல்லாம் அருணகிரி முதலாளியிடம் மூச்சு விடாமல் சொன்னேன். கேட்டார். புடவையை மடித்து ஓரமாக வைத்தார்.

“நீ சொல்றது நாயந்தாம்மா. ஆனா வெளிச்சம் இல்லாத வூட்டுக்கு நா எப்டி அடுத்த பாவு குடுக்கறது? வெள்ளிக்கெழம பதினொரு மணிக்கு அந்தப் பக்கம் வர்றேன். தறி மேல வெயிலு வுழுந்தா பாவு ஒனக்கு. இல்லாட்டி தப்பா நெனச்சிக்காத, வேற தறிக்குப் போயிரும்.”

அன்றைக்குத் திங்கட்கிழமை. ஜாக்குலினுக்குப் போன் போட்டேன். “அக்கா, புதன்கிழமை ஸ்கூல்ல மீட்டிங் இருக்கு. ஹேமநாத் சார் மெட்ராஸ்லருந்து வர்றாரு. அவர்தான் இந்த ஆராய்ச்சிக்கே தலைவர். நேரா அவர்கிட்டயே சொல்லிடுங்க” என்றாள்.

போனேன். நகராட்சிப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சை எல்லாம் ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். கதவு ஜன்னலைச் சாத்தி இருட்டாக்கிச் சுவரில் படம் காட்டினார்கள். ஹேமநாத் சாருக்கு நாற்பது வயசு இருக்கும். மரியாதையான ஆள், எல்லாருக்கும் கைகூப்பினார். படம் படமாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஒன்றில் நிறுத்தினார். ஒரு குட்டைக் கம்பம், பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு நெட்டைக் கம்பம்.

“இது பதினேழாம் நம்பர் வீடு. ஒரு கைத்தறி நெசவாளர் குடும்பம். சோலார் வர்றதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான் விளக்கு எரிஞ்சிருக்கு. இப்ப பதிமூணு மணி நேரம்! இருட்டுல வேலை செஞ்சிட்டிருந்த ஒரு பெண் இப்ப வெளிச்சத்துல வேலை செய்றாங்க. முப்பத்தெட்டு வீட்டுல இதுதான் நம்மளோட பெரிய வெற்றி.”

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. எழுந்து நின்றேன்.

“அந்த பதினேழாம் நம்பரு நாந்தாங்க.”

“வாங்கம்மா, வாங்க! உங்க அனுபவத்தைச் சொல்லுங்க” என்று மைக்கை நீட்டினார்.

“மைக்கு வாணாம். நா இருட்டுல வேல செய்யலீங்க. வெயில்ல செஞ்சிகினு இருந்தேன். என் வெயிலு வர்ற ஓட்டு மேல ஒங்க பேனல வெச்சி அடச்சிட்டீங்க. அதனாலதாங்க பதிமூணு மணி நேரம் பல்பு எரியுது. குருடாக்கிட்டு கோல் குடுத்தேன்னு கை தட்டிக்கிறீங்களே, இது நாயமா?”

கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பதற்கா சொன்னேன்? முதலாளியிடம் கேட்டு வாங்கிப்போயிருந்த அந்தப் புடவையை விரித்துக் காட்டினேன். அந்த இருட்டு ரூமில், அந்தப் பட வெளிச்சத்தில், இரண்டு சிவப்பும் ஒரே சிவப்பாகத் தெரிந்தது. “நல்லாத்தானே இருக்கு” என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். வெளியே வாங்க சார், வெயிலுக்கு வாங்க என்று கூப்பிட்டேன். மீட்டிங் முடியட்டும்மா என்றார் ஹேமநாத். முடிந்ததும் என்னிடம் வந்தார். அதை மறுக்கக் கூடாது.

“உங்க பிரச்சினை புரியுதும்மா. ஆனா பேனலை இப்ப இடம் மாத்தினா ஒரு வருஷக் கணக்கும் கெட்டுடும். அடுத்த ஆடி வரைக்கும் தொடக் கூடாது, நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“ஜாக்குலின் வாராவாரம் எழுதினாளே, அத படிச்சீங்களா?”

அவர் ஜாக்குலினைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். டேப்லெட்டைத் தட்டிக் காட்டினாள். “பிற கருத்து” என்ற கட்டத்தில் இருபது எழுத்துக்கு மேல் போகாதாம். மூன்று மாசமாக நான் தொண்டைத்தண்ணி வற்றப் பேசியதெல்லாம் அதில் ஒரே வரியாக நின்றது: “ஓட்டில் கண்ணாடி உள்ளது.”

வீட்டுக்கு வந்து நான் அழவில்லை. பாத்திரத்தைத்தான் நாலு போடு போட்டேன். சம்பந்தம் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், “வெள்ளிக்கெழம காலைல வந்ததும் ஏணி போடறேன். தூங்க மாட்டேன்” என்றார். மூன்று மாசத்தில் அவர் சொன்ன முதல் உருப்படியான பேச்சு அது.

சொன்னபடியே செய்தார். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியவர் காபி கூடக் குடிக்காமல் மேலே ஏறினார். ஒயரைக் கழற்றி, எட்டு போல்ட்டையும் கழற்றி, கீழே நின்ற என் கையில் பேனலை இறக்கினார். கனம்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து பின்கட்டுத் தகரக் கூரை மேல் ஏற்றிக் கட்டினோம். அது தெற்குப் பார்த்து ஜோராகத்தான் உட்கார்ந்தது. ஒயர்தான் நாலடி பத்தவில்லை. இழுக்கிற இழுப்பெல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டு, அவர் அதைச் சுவரோரம் சுருட்டித் தொங்கவிட்டார். “வாங்கியாந்து மாட்டிக்கலாம்” என்று படுக்கப் போய்விட்டார்.

நான் ஈரத்துணி போட்டுக் கண்ணாடி ஓட்டைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தேன். காலித் தறியின் மேலும் குழி ஓரத்திலுமாக இரண்டு சதுரம் வெயில் விழுந்து கிடந்தது. தூசு மினுக்கிக்கொண்டிருந்தது. பத்தே முக்காலுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி என்று நினைத்து எழுந்தால், ஜாக்குலின். மூச்சு வாங்கினாள்.

“அக்கா, உங்க வீட்டு மீட்டர் சைபர் காட்டுதுன்னு ஆபீஸ்லருந்து ஜல்தியா அனுப்பிச்சாங்க. இன்னா பண்ணிட்டீங்க?”

நான் கையைப் பிடித்து அவளைத் தறியண்டை இழுத்தேன். அந்தப் புடவையில் மிஞ்சிய இரண்டு கட்டு இழையையும் விரலில் சுற்றி வெயிலுக்குத் தூக்கினேன். “சொல்லு, ஒண்ணா ரெண்டா?”

குழந்தைகூடச் சொல்லிவிடும். ஒன்று ரத்தச் சிவப்பு, இன்னொன்று அதில் கொஞ்சம் மண் கரைத்தாற்போல. ஜாக்குலின் வெகுநேரம் பார்த்தாள். என் விரலைத் தொட்டுத் திருப்பிக்கூடப் பார்த்தாள். அப்புறம் பையிலிருந்த டேப்லெட்டை எடுத்தாள். ‘இன்று விளக்கு எரிந்த நேரம்’ என்ற கட்டத்தில் சைபர் போட்டாள். சிவப்பாக ஏதோ வந்து நின்றது.

“சைபர் போட்டா ஏத்துக்க மாட்டேங்குது அக்கா. ஒண்ணுலருந்து இருவத்திநாலு வரைக்கும்தான் வாங்குது.”

“ஏத்துக்கிற வரைக்கும் போட்டுகினே இரு.”

அவள் என்னைப் பார்த்தாள். தறிக்குழி ஓரத்தில், அந்த இரண்டு சதுர வெயிலில் ஒன்றின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மறுபடி சைபரை அழுத்தினாள். மறுபடி சிவப்பு வந்தது. வெளியே அருணகிரி முதலாளியின் டிவிஎஸ் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டது. அவள் தலை நிமிராமல் மறுபடி அழுத்தினாள். வெயில் அவள் முழங்காலிலிருந்து தறிக்கட்டைக்கு நகர்ந்துகொண்டிருந்தது.